பாலத்துக்கு அக்கரையில் ஒரு பட்டாளம்

பெருமந்தத்தின் கதை – 9

கூட்ஸ் வண்டிகளில் தொற்றிக்கொண்டும் லாரிகளில் நின்றுகொண்டும் அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்துவந்த முன்னாள் சிப்பாய்களைச் சென்ற வாரம் வாஷிங்டன் நகரின் வாசலில் விட்டுவிட்டு வந்தோம். 1932, மே மாதக் கடைசி.

அவர்களுடைய தலைவர் வால்டர் வாட்டர்ஸ், முதல் உலகப் போரில் சார்ஜெண்டாக இருந்தவர். பிறகு உணவுப் பொருட்களை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்தார். அந்த வேலை போனது. சேமிப்பு கரைந்தது. வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக அடகுக் கடை ஏறிய பிறகுதான், போர்ட்லண்டில் மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் விட்டுவிட்டு அவர் கிளம்பினார். கூட வந்தவர்கள் ஏறத்தாழ 300 பேர்.

அவர்கள் தானம் கேட்டு வரவில்லை, பாக்கி கேட்டு வந்தார்கள். உள்நாட்டில் பணி செய்த நாளுக்கு 1 டாலர், கடல் கடந்து போன நாளுக்கு 1.25 டாலர் என்று கணக்குப் போட்டு, 1924இல் அரசு அவர்களுக்கு ஒரு பத்திரம் கொடுத்திருந்தது. வட்டியோடு சேர்த்தால் சராசரியாக ஆளுக்குச் சுமார் 1,000 டாலர் வரும். ஆனால் பணம் கைக்கு வருவது 1945இல்தான். நடுவில் ஆள் செத்துப்போனால் குடும்பத்துக்கு உடனே கிடைக்கும். ‘கல்லறை போனஸ்’ என்று சிப்பாய்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். பத்திரத்தின் பேரில் பாதித் தொகைவரை கடன் வாங்கலாம் என்று 1931இல் ஒரு சலுகை வந்தது. வாங்கியவர்கள் அந்தக் கடனையும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

பதின்மூன்று வருடம் யாரால் காத்திருக்க முடியும்?

எந்த ஊருக்குப் போக?

போர்ட்லண்டுக்காரர்கள் வந்து சேர்ந்த செய்தி பத்திரிகைகளில் வந்ததும், நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஜூன் நடுவில் சுமார் 20,000 பேர். தனி ஆளாக வந்தவர்களே அதிகம். ஆனால் நூற்றுக்கணக்கானவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு, சட்டி பானையோடு வந்தார்கள். கோரிக்கை வைக்கப் போகிறவன் எதற்காகக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்?

விட்டுவிட்டு வர வீடு இல்லை, அதனால்தான்.

அந்த வருடம் அமெரிக்காவில் வேலையில்லாதவர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்துக்குக் குறையாது. வாடகை கட்ட முடியாமல் கட்டிலும் நாற்காலியும் தெருவோரத்துக்கு வந்த குடும்பம், முதலில் உறவினர் வீட்டில் ஒண்டியது. அங்கும் அடுப்பு அணைந்தபோது நடைபாதைக்கு வந்தது. இன்று நாம் நினைப்பதுபோல அந்த நாட்டில் அப்போது மத்திய அரசின் வேலையில்லாக் காப்பீடு எதுவும் கிடையாது. நிவாரணம் என்பது ஊராட்சியின் பொறுப்பு, இல்லையென்றால் தேவாலயத்தின் தயவு. அந்த ஊராட்சிகளோ பழைய குடியிருப்புச் சட்டங்களைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஓராண்டோ அதற்கு மேலோ அதே ஊரில் குடியிருந்தவருக்குத்தான் கஞ்சியும் கரியும். வேலை தேடி ஊரை விட்டு நகர்ந்த கணமே ஒரு குடும்பம் எந்த ஊர்க் கணக்கிலும் இல்லாததாகிவிடும். புதிய ஊர் ஒரு வேளைச் சாப்பாடு போட்டு, அடுத்த ஊர் எல்லையைக் கைகாட்டும்.

பெருமந்தக் கால வறுமையைப் பற்றிப் பேசும்போது பலரும் பங்குச் சந்தையில் தொடங்குகிறார்கள். இந்தக் குடியிருப்புச் சட்டத்தில் தொடங்குவதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. வேலை போனால் ஒருவன் ஏழையாகிறான். முகவரி போனால், ஏழை என்று பதிவு செய்துகொள்ளக்கூட அவனுக்கு இடமில்லை.

நாடு முழுவதும் குப்பைமேடுகளின் ஓரத்தில் முளைத்த குடிசைப் பகுதிகளுக்கு ‘ஹூவர்வில்’ என்று பெயர். அதிபர் ஹெர்பெர்ட் ஹூவரின் பெயரில் மக்கள் செய்த கிண்டல் அது. போர்த்திக்கொள்ளும் பழைய செய்தித்தாள் ‘ஹூவர் கம்பளி’. வெளியே இழுத்துவிட்ட வெற்றுச் சட்டைப்பை ‘ஹூவர் கொடி’. முதல் உலகப் போரின்போது பட்டினி கிடந்த பெல்ஜியத்துக்கு உணவு அனுப்பி உலகப் புகழ் பெற்ற மனிதர் அவர். தன் பெயர் பசியின் அடைமொழியாகும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

நாட்டிலேயே பெரிய ஹூவர்வில், அவர் மாளிகையிலிருந்து சில மைல் தொலைவில் எழுந்தது.

சேற்றில் எழுந்த ஊர்

அனகோஸ்டியா ஆற்றின் அக்கரையில் ஒரு சதுப்பு நிலம். அரசுக்குச் சொந்தமானது, யாருக்கும் பயன்படாதது. நம் வழக்கில் சொன்னால் ஆற்றுப் புறம்போக்கு. நகரத்தோடு அதை இணைத்தது 11ஆம் தெருப் பாலம். நடுவில் பிளந்து மேலே தூக்கக்கூடிய பாலம் அது. இந்த விவரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்திலேயே குப்பைமேடு இருந்தது வசதியாகப் போயிற்று. உடைந்த பலகை, பழைய தகரம், முட்டைப் பெட்டி, அட்டை, துருப்பிடித்த கார்க் கூடு என்று எது கிடைத்தாலும் சுவராயிற்று. வைக்கோலும் தார்க் காகிதமும் கூரையாயின. மழை பெய்தால் தரை முழுதும் சேறு. வெயில் அடித்தால் ஈயும் கொசுவும். கழிவுக்கு நீள நீளமாகக் குழி வெட்டினார்கள். குளிப்பதும் துவைப்பதும் அந்த அழுக்கு ஆற்றிலேயே. டைபாய்டு பரவும் என்று நகரச் சுகாதார அதிகாரிகள் அஞ்சிக்கொண்டே இருந்தார்கள்.

ஆனாலும் அது ஒழுங்கான ஊர். காலையில் எக்காளம் ஊதினால் எழுந்திருக்க வேண்டும். குடிசைகளுக்கு நடுவே தெருக்கள் நேராகப் போயின. மாநில வாரியாக வசிப்பிடம். பெயர் பதிவு செய்யப் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சான்றிதழைக் காட்ட வேண்டும். குடி கூடாது, ஆயுதம் கூடாது, பிச்சை எடுக்கக் கூடாது, கம்யூனிஸ்ட் பேச்சும் கூடாது. தங்களுக்கென்று ஒரு பத்திரிகை நடத்தினார்கள். இரட்சணிய சேனை ஒரு குடிலில் புத்தகங்களும் கடிதத் தாளும் வைத்திருந்தது. குடிசை வாசலில் தேசியக் கொடி பறந்தது. சிலர் பூச்செடிகூட வைத்தார்கள். மாலையில் வாஷிங்டன்வாசிகள் குடும்பத்தோடு பாலம் தாண்டி வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

தாங்கள் போரிட்ட படையின் பெயரையே சற்று மாற்றி, தங்களை ‘போனஸ் படை’ என்று அழைத்துக்கொண்டார்கள். அந்த உண்மையான படையில் கறுப்பர்களுக்குத் தனிப் பிரிவு, தனிச் சாப்பாடு. இந்தப் பட்டினிப் படையில் அப்படிக் கோடு எதுவும் இல்லை. பிற்காலத்தில் கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர்களில் ஒருவரான ராய் வில்கின்ஸ், அப்போது இளம் பத்திரிகையாளர். முகாமைச் சுற்றிப் பார்த்த அவர், தெற்கத்திய வெள்ளையனும் கறுப்பனும் ஒரே வரிசையில் நின்று உண்டு அருகருகே உறங்குவதைக் கண்டு, ‘தி கிரைசிஸ்’ இதழில் எழுதினார். தலைநகரின் உணவகங்களில் அன்று பார்க்க முடியாத காட்சி அது.

சாப்பாடு? அதுதான் தினமும் காலையில் எழும் கேள்வி.

நகரக் காவல் துறைத் தலைவர் பெல்ஹாம் கிளாஸ்ஃபோர்ட் இல்லையென்றால் முதல் வாரமே முகாம் கலைந்திருக்கும். பிரான்சில் பிரிகேடியர் ஜெனரலாக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு காவல் துறைக்கு வந்தவர். மோட்டார் சைக்கிளில் தினமும் முகாமுக்கு வருவார். சமையற்கூடத்துக்கு ஏற்பாடு செய்தார், நன்கொடை திரட்டினார், சொந்தப் பணத்தையும் போட்டார். ஒரு கட்டத்தில் போனஸ் படையின் பொருளாளராகவே அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கலைக்க வேண்டியவரே கணக்குப்பிள்ளை ஆன விசித்திரம்!

பெரிய அண்டாக்களில் ‘மல்லிகன்’ கொதித்தது. கிடைத்த காய், கிடைத்த கறி, நிறையத் தண்ணீர். ரொட்டி வந்தால் நல்ல நாள். ஒரு நள்ளிரவில், புகழ்பெற்ற ஹோப் வைரத்தின் சொந்தக்காரியான எவலின் வால்ஷ் மெக்லீன் என்ற சீமாட்டி கிளாஸ்ஃபோர்டோடு ஓர் உணவகத்துக்குப் போய், 1,000 சாண்ட்விச்சும் 1,000 பாக்கெட் சிகரெட்டும் வாங்கி அனுப்பினார். வானொலிப் பாதிரியார் கஃப்லின் 5,000 டாலர் அனுப்பினார். இப்படித்தான் ஓடியது. ஒரு நாள் வரும், மறுநாள் வராது.

அந்தக் கூட்டத்தில் ஜோ ஏஞ்சலோ என்ற மெலிந்த மனிதரும் இருந்தார். நியூ ஜெர்சியின் கேம்டன் ஊர்க்காரர். 1931லேயே தனியாக நடந்தே வாஷிங்டன் வந்து, காங்கிரஸ் குழுவின் முன் தன் வறுமையைச் சாட்சியாகச் சொன்னவர். 1918 செப்டம்பரில் பிரான்சின் போர்க்களத்தில், குண்டடிபட்டுக் கிடந்த தன் அதிகாரியைக் குழிக்குள் இழுத்துப் போட்டுக் காப்பாற்றியதற்காகப் பதக்கம் வாங்கியவர். அந்த அதிகாரியின் பெயர் ஜார்ஜ் பேட்டன். பேட்டன் அப்போதும் ராணுவத்தில்தான் இருந்தார். வாஷிங்டன் நகருக்கு மிக அருகில்.

ஜூன் 17, மாலை

போனஸை உடனே கொடுக்க 240 கோடி டாலர் வேண்டும். டெக்சாஸைச் சேர்ந்த ரைட் பேட்மன் கொண்டுவந்த மசோதா ஜூன் நடுவில் கீழவைக்கு வந்தது. 14ஆம் தேதி, டென்னசி உறுப்பினர் எட்வர்ட் எஸ்லிக் அதை ஆதரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், பேச்சின் நடுவிலேயே மாரடைப்பால் சரிந்து இறந்தார். மேல் மாடத்தில் அவருடைய மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். அவை அன்று கலைந்தது. மறுநாள் மசோதா நிறைவேறியது. 211க்கு 176.

முகாமில் கொண்டாட்டம். ஆனால் செனட் பாக்கி.

17ஆம் தேதி காலையிலிருந்தே கேபிடல் கட்டடத்தின் படிகளிலும் முன்திடலிலும் சிப்பாய்கள் குவிந்தார்கள். சுமார் 8,000 பேர். மீதிப் பேர் அனகோஸ்டியாவிலிருந்து கிளம்பியபோது பாலம் மேலே தூக்கியிருந்தது. போலீஸ் செய்த ஏற்பாடு. இக்கரையில் ஒரு பாதி, அக்கரையில் ஒரு பாதி, நடுவில் ஆறு.

பொழுது சாய்ந்தது. உள்ளே விவாதம் நீண்டது. வெளியே சிலர் படிகளிலேயே தூங்கினார்கள், சிலர் பாடினார்கள். ஊர் இருட்டிய பிறகு வாட்டர்ஸை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்கள்: 62க்கு 18. தோல்வி.

வெளியே வந்து அவர் படியில் நின்றார். பசித்த, சண்டைப் பயிற்சி பெற்ற 8,000 ஆண்கள் எதிரே இருக்கிறார்கள். செனட் கட்டடத்துக்கும் அவர்களுக்கும் இடையே ஒரு கதவுதான். அமெரிக்கத் தலைநகர் அந்தச் சில நிமிடங்களில் இருந்த அபாயத்தில் அதற்குப் பிறகும் அதிகம் இருந்ததில்லை.

வாட்டர்ஸ் செய்தியைச் சொன்னார். மௌனம். எல்சி ராபின்சன் என்ற பெண் பத்திரிகையாளர் அவர் காதருகே குனிந்து, பாடச் சொல்லுங்கள் என்றார். வாட்டர்ஸ் சொன்னார். தொப்பிகள் இறங்கின. ஆயிரக்கணக்கான குரல்கள் ‘அமெரிக்கா’ என்ற தேசபக்திப் பாடலை எடுத்தன. பாடி முடித்து, அணி வகுத்து, முகாமுக்கு நடந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இவர்களைத்தான் இன்னும் ஆறு வாரத்தில் ‘புரட்சிக் கும்பல்’ என்று அரசு சொல்லப் போகிறது.

கழித்துக்கொள்ளப்படும் டிக்கெட்

தோற்றதும் போய்விடுவார்கள் என்று அரசு எதிர்பார்த்தது. சிலர் போனார்கள். பலர் போகவில்லை.

அதே ஜூன் மாதக் கடைசியில் இன்னொரு செய்தி வந்தது. தத்தளிக்கும் வங்கிகளுக்கும் ரயில் கம்பெனிகளுக்கும் கடன் கொடுக்க ஹூவர் அரசு அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு நிதிக் கழகம் அமைத்திருந்தது. அதன் தலைவராக இருந்த சார்லஸ் டாஸ், பதவியை விட்டு விலகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அவருடைய சிக்காகோ வங்கிக்கு அந்தக் கழகம் 9 கோடி டாலர் கடன் கொடுத்தது. அந்த வங்கி விழுந்தால் பல வங்கிகள் விழும் என்ற வாதம் பொய்யல்ல. ஆனால் மல்லிகன் வரிசையில் தட்டோடு நிற்கிறவனுக்கு அந்த வாதம் எப்படிக் கேட்டிருக்கும்?

ஜூலையில் காங்கிரஸ் 1,00,000 டாலர் ஒதுக்கியது. ஊர் திரும்ப ரயில் டிக்கெட், வழிச் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 75 சென்ட். அதுவும் இனாமல்ல, 1945இல் வரப்போகும் போனஸில் கழித்துக்கொள்ளப்படும். ஐயாயிரம் பேருக்கு மேல் வாங்கிக்கொண்டு போனார்கள். ஏழெட்டாயிரம் பேர் அதற்குப் பிறகும் தங்கினார்கள். பிடிவாதம் என்றன சில பத்திரிகைகள். டிக்கெட்டில் ஊர்ப் பெயர் எழுத வேண்டுமே, எந்த ஊரை எழுதுவது? வாட்டர்ஸின் மனைவியே அதற்குள் போர்ட்லண்டிலிருந்து கிளம்பி வந்து முகாமில் சேர்ந்திருந்தார்.

ஜூலை நடுவில், ராய் ராபர்ட்சன் என்பவர் தலைமையில் கலிபோர்னியாக்காரர்கள் வந்தார்கள். கழுத்தை நிமிர்த்தி வைக்கும் பட்டை அணிந்த மனிதர். கேபிடல் புல்வெளியில் படுத்தார்கள். நீர்த்தெளிப்பான்களைத் திறந்துவிட்டார்கள் காவலர்கள். படுக்கத்தானே கூடாது, நடக்கலாமே என்று ஒற்றை வரிசையில் கட்டடத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். இரவும் பகலும், முறை வைத்து, காங்கிரஸ் கலையும்வரை. 16ஆம் தேதி காங்கிரஸ் கலைந்தது. நிறைவு நாளில் அங்கே வரும் வழக்கமுள்ள அதிபர் அன்று வரவில்லை.

ஜூலை 28

நகரத்துக்குள், பென்சில்வேனியா அவென்யூவில், அரசு இடிக்கத் தொடங்கிப் பாதியில் விட்ட சில கட்டடங்கள் இருந்தன. சுவர் இல்லாத மாடிகளில் சிப்பாய்களும் சில குடும்பங்களும் வசித்தார்கள். அந்தக் கட்டடங்களை உடனே காலி செய்ய வேண்டும் என்று காலையில் உத்தரவு வந்தது.

முதல் கட்டடம் அமைதியாகக் காலியானது. பிறகு அனகோஸ்டியாவிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். செங்கல் பறந்தது. கைகலப்பில் கிளாஸ்ஃபோர்டின் பேட்ஜே பிய்ந்துபோனது. எப்படியோ அடங்கியது.

மதியத்துக்குப் பிறகு இன்னொரு கட்டடத்தில் மறுபடி மோதல். இந்தத் தடவை ஒரு போலீஸ்காரர் சுட்டார். வில்லியம் ஹுஷ்கா அங்கேயே விழுந்தார். எரிக் கார்ல்சன் என்பவர் காயத்தோடு சில நாள் இருந்து இறந்தார். ஹுஷ்கா லிதுவேனியாவிலிருந்து குடியேறியவர். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும், தன் இறைச்சிக் கடையை விற்றுவிட்டுப் படையில் சேர்ந்தவர். போரில் சாகாதவர், தலைநகரில் செத்தார். ராணுவ மரியாதையோடு ஆர்லிங்டனில் புதைக்கப்பட்டார்.

நகர ஆணையர்கள் ராணுவத்தைக் கேட்டார்கள். ஹூவர் சம்மதித்தார்.

தலைமைத் தளபதி டக்ளஸ் மக்ஆர்தர் தானே நேரில் போவது என்று தீர்மானித்தார். அவருக்கு உதவியாளராக இருந்த மேஜர் ட்வைட் ஐசனோவர், தெருச் சண்டைக்குத் தலைமைத் தளபதி போவது அழகல்ல என்று சொல்லிப் பார்த்தார். பதிலுக்கு, வீட்டுக்குப் போய் ராணுவ உடுப்பு மாட்டிக்கொண்டு வரும்படி அவருக்கே உத்தரவு கிடைத்தது.

மாலை நாலரை, நாலேமுக்கால். அலுவலகம் விடும் நேரம். குதிரைப்படை வந்தது, பின்னால் சிறு டாங்குகள், துப்பாக்கி முனையில் கத்தி செருகிய காலாட்படை. நடைபாதையில் நின்ற குமாஸ்தாக்கள் அணிவகுப்பு என்று நினைத்தார்கள். சிப்பாய்களில் சிலர் தங்களைக் கௌரவிக்கத்தான் வருகிறார்களோ என்று கை தட்டினார்கள். குதிரைகள் திரும்பின. வாள்கள் உருவப்பட்டன. கண்ணீர்ப் புகைக் குண்டுகள் விழுந்தன. வேடிக்கை பார்த்தவர்களும் முன்னாள் படைவீரர்களும் ஒன்றாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடினார்கள். குதிரைப்படையில் இருந்த அதிகாரிகளில் ஒருவர், மேஜர் ஜார்ஜ் பேட்டன்.

சில மணி நேரத்தில் நகரப் பகுதி காலி. இட்ட வேலை அத்தோடு முடிந்தது. பாதிக்கப்பட்ட இடத்தைச் சுற்றி வளைத்துக் காலி செய்யவும், பெண்களிடமும் குழந்தைகளிடமும் பரிவோடு நடந்துகொள்ளவும்தான் போர்த்துறைச் செயலர் பேட்ரிக் ஹர்லி எழுத்தில் உத்தரவு கொடுத்திருந்தார்.

படை ஆற்றை நோக்கி நடந்தது.

11ஆம் தெருப் பாலத்தின் இந்த முனையில் நின்று, துருப்புகள் இரவுச் சாப்பாட்டை முடித்தன. ஆற்றைக் கடக்க வேண்டாம் என்று ஹூவரின் கட்டளை கிளம்பியிருந்தது. ஜெனரல் மோஸ்லி அதை எடுத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே கர்னல் ரைட் என்பவர் இரண்டாம் முறை. கட்டளையை நேரில் சொல்லிவிட்டதாக மோஸ்லி பின்னாளில் எழுதினார். உத்தரவு கொண்டுவருவதாகச் சொல்கிறவர்களைக் கேட்க எனக்கு நேரமில்லை என்று தளபதி தட்டிக்கழித்ததாக ஐசனோவரின் நினைவு.

அக்கரையில் இருள். அங்கே ஆயிரக்கணக்கான பேர். விளக்குகள் அலைந்துகொண்டிருந்தன. குழந்தைகளை எழுப்பி, துணியை மூட்டை கட்டி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்ற குடும்பங்கள். முகாமிலிருந்து ஒருவர் வெள்ளைக் கொடியோடு ஓடிவந்து, பெண்களையும் பிள்ளைகளையும் வெளியேற்ற ஒரு மணி நேரம் கேட்டார். கிடைத்தது.

இந்தத் தடவை பாலத்தை யாரும் தூக்கவில்லை. ஒரு மணி நேரம் கழிந்தது. மக்ஆர்தரின் பார்வை ஆற்றுக்கு அப்பால் இருந்தது. அதிபரின் சொல் அவர் காதில் விழுந்திருந்ததா? விழுந்திருந்தால், ஒரு தளபதி அதை மீறத் துணிவாரா? துணிந்து அவர் பாலத்தில் கால் வைத்தால், எந்த ஊரும் ஏற்காத அந்தக் குடும்பங்கள் நள்ளிரவில் எந்தத் திசையில் ஓடும்?

(தொடரும்)